மோல் கணக்கு முழு வழிகாட்டி: தராசு முதல் தரம்பார்த்தல் வரை

வேதிச் சமன்பாடு எண்ணிக்கையில் பேசுகிறது. தராசு கிராமில் பேசுகிறது. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்தால் இரண்டு நீர் மூலக்கூறு என்று சமன்பாடு சொல்லிவிடும். ஆனால் மூலக்கூறை யாரும் எண்ணி எடுக்க முடியாது. 0.05 மி.லி. அளவுள்ள ஒரு சொட்டு நீரிலேயே சுமார் 1.67 × 10²¹ மூலக்கூறுகள் இருக்கின்றன. இந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவே நிற்பதுதான் மோல்.

எண்ண முடியாததை எடை போட்டு எண்ணலாம். ஒரு திருகாணி 4 கிராம் என்று தெரிந்தால், 2 கிலோ குவியலில் 500 திருகாணி இருக்கும் என்று தொடாமலே சொல்லிவிடலாம். ஒரு துகளின் எடை தெரிய வேண்டும், அவ்வளவுதான். மோல் கணக்கு முழுவதும் இந்த ஒரே யோசனைதான்.

இந்தப் பாடத்தில் தடுமாறுகிறவர்களில் பலருக்குப் பெருக்கலும் வகுத்தலும் நன்றாகவே வரும். அவர்கள் தவறுவது வேறோர் இடத்தில்: மோல் என்று எழுதிவிட்டு, எதன் மோல் என்று எழுதாமல் விடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொள்வோம். எந்த எண்ணை எழுதினாலும் அதன் பக்கத்தில் அலகையும் பொருளின் பெயரையும் எழுத வேண்டும். "0.02 மோல்" என்று எழுதினால் அது அரைகுறை; "0.02 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம்" என்று எழுதினால்தான் முழுமை.

மோல் என்றால் எவ்வளவு

ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். 2019 மே 20 முதல் நடைமுறையில் உள்ள வரையறை இது. அதற்கு முன், 12 கிராம் கார்பன்-12 இல் எத்தனை அணுக்கள் உள்ளனவோ அத்தனை துகள்கள் ஒரு மோல் என்று வைத்திருந்தார்கள். அப்போது அந்த எண்ணை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இப்போது எண்ணையே நிலையாக வைத்துவிட்டார்கள். இதனால் பாடக் கணக்குகளில் எதுவும் மாறவில்லை. கார்பன்-12 இன் ஒரு மோல் இன்றும் 12 கிராம்தான். வேறுபாடு நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. கணக்குகளுக்கு 6.022 × 10²³ போதும்.

இந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயர் இருந்தாலும் அதை அவர் கணக்கிடவில்லை. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811 இல் இத்தாலிய அறிவியலாளரான அவர் சொன்னார். 1909 இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன்தான் இந்த எண்ணுக்கு அவர் பெயரைச் சூட்டினார்.

துகள் என்ற சொல்லைக் கவனியுங்கள். அது அணுவாகவோ, மூலக்கூறாகவோ, அயனியாகவோ, எலக்ட்ரானாகவோ இருக்கலாம். ஒரு மோல் ஆக்சிஜன் அணு 16.00 கிராம், ஒரு மோல் ஆக்சிஜன் மூலக்கூறு 32.00 கிராம். வெறும் "ஒரு மோல் ஆக்சிஜன்" என்றால் விடை இரு மடங்கு மாறக்கூடும். கால்சியம் குளோரைடு ஒரு மோல் எடுத்து நீரில் கரைத்தால் ஒரு மோல் கால்சியம் அயனியும் இரண்டு மோல் குளோரைடு அயனியும் கிடைக்கும். மொத்தம் மூன்று மோல் அயனிகள். மூன்றுமே சரியான எண்கள்தான். எது கேட்கப்பட்டது என்பதுதான் கேள்வி.

மோலார் நிறையைக் கணக்கிடுதல்

ஒரு மோல் பொருளின் நிறை கிராமில் எவ்வளவோ, அதுதான் மோலார் நிறை. தனிம வரிசை அட்டவணையில் ஒவ்வொரு தனிமத்துக்கும் போட்டிருக்கும் அணு நிறை எண்ணோடு "கிராம்/மோல்" என்று சேர்த்துக்கொண்டால் அது கிடைத்துவிடும். அடிக்கடி தேவைப்படுபவை: ஹைட்ரஜன் 1.008, கார்பன் 12.011, நைட்ரஜன் 14.007, ஆக்சிஜன் 15.999, சோடியம் 22.990, மெக்னீசியம் 24.305, அலுமினியம் 26.982, கந்தகம் 32.06, குளோரின் 35.45, பொட்டாசியம் 39.098, கால்சியம் 40.078, தாமிரம் 63.546.

குளோரினுக்கு 35.45 என்று பின்னம் வருவதன் காரணம் அதன் ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள். இயற்கையில் உள்ள குளோரினில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிறை எண் 35 உடையது, மீதி 37. அட்டவணையில் இருப்பது அவற்றின் சராசரி. இதை 35 என்றோ 36 என்றோ முழுமையாக்கினால் விடை ஒரு சதவீதத்துக்கு மேல் விலகும். குளோரினை மட்டும் முழு எண்ணாக்கவே கூடாது.

சேர்மம் என்றால் அதில் உள்ள ஒவ்வோர் அணுவையும் எண்ணிக் கூட்ட வேண்டும். அடைப்புக்குறி உள்ள வாய்ப்பாடுகளில்தான் பலர் சறுக்குவார்கள். அலுமினியம் சல்ஃபேட்டை எடுத்துக்கொள்வோம். இதில் இரண்டு அலுமினியம் அயனிக்கு மூன்று சல்ஃபேட் அயனி. ஒவ்வொரு சல்ஃபேட்டிலும் ஒரு கந்தகம், நான்கு ஆக்சிஜன்.

அலுமினியம்: 2 × 26.982 = 53.964
கந்தகம்: 3 × 32.06 = 96.18
ஆக்சிஜன்: 12 × 15.999 = 191.988
மொத்தம்: 342.13 கிராம்/மோல்

அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள 3, உள்ளே இருக்கும் ஆக்சிஜனையும் பெருக்கும் என்பதை மறந்து 4 ஆக்சிஜன் மட்டும் கூட்டினால் 128 கிராம் காணாமல் போய்விடும். முதலில் அணுக்களின் பட்டியலை எழுதிவிட்டுப் பிறகு நிறைகளைப் பெருக்குவது நல்ல பழக்கம்.

நீரேறிய உப்புகளில் நீரின் நிறையையும் சேர்க்க வேண்டும். நீல நிற காப்பர் சல்ஃபேட்டில், அதாவது மயில்துத்தத்தில், ஒவ்வொரு காப்பர் சல்ஃபேட்டுடனும் ஐந்து நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. நீரற்றதன் மோலார் நிறை 159.60, நீரேறியதன் மோலார் நிறை 249.68. புட்டியின் மேலுள்ள சீட்டில் எது என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் கணக்கைத் தொடங்க வேண்டாம்.

கிராம், மோல், எண்ணிக்கை

இங்கே இரண்டே உறவுகள்:

மோல் = நிறை (கிராம்) ÷ மோலார் நிறை
துகள்களின் எண்ணிக்கை = மோல் × 6.022 × 10²³

பெருக்குவதா வகுப்பதா என்று குழப்பம் வந்தால் அலகைப் பாருங்கள். கிராமை "கிராம்/மோல்" ஆல் வகுத்தால் கிராம் அடிபட்டு மோல் மிஞ்சும். தவறாகப் பெருக்கினால் "கிராம் × கிராம்/மோல்" என்று பொருளற்ற அலகு வந்து நிற்கும், அதுவே எச்சரிக்கை.

எடுத்துக்காட்டு: 9.00 கிராம் குளுக்கோசில் எத்தனை கார்பன் அணுக்கள்? குளுக்கோசின் மோலார் நிறை 180.16. எனவே 9.00 ÷ 180.16 = 0.0500 மோல் குளுக்கோஸ். ஒவ்வொரு மூலக்கூறிலும் 6 கார்பன் என்பதால் 0.300 மோல் கார்பன் அணு. அதை 6.022 × 10²³ ஆல் பெருக்கினால் 1.81 × 10²³ கார்பன் அணுக்கள். "மோல் குளுக்கோஸ்" எந்தப் படியில் "மோல் கார்பன்" ஆக மாறியது என்பது எழுத்தில் தெரிய வேண்டும்.

விடையைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கையில் பிடிக்கக்கூடிய அளவுள்ள பொருளின் அணு எண்ணிக்கை 10²⁰ முதல் 10²⁵ வரை எங்காவது விழும். விடை 10⁻²² என்றோ 10⁴⁶ என்றோ வந்தால் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறீர்கள், அல்லது பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறீர்கள்.

சதவீதத்திலிருந்து வாய்ப்பாடு

ஒரு சேர்மத்தில் நிறைப்படி கார்பன் 40.92%, ஹைட்ரஜன் 4.58%, ஆக்சிஜன் 54.50% என்று பகுப்பாய்வு சொல்கிறது. 100 கிராம் எடுத்ததாக வைத்துக்கொண்டால் சதவீதங்கள் அப்படியே கிராம்களாகிவிடும். ஒவ்வொன்றையும் அதன் அணு நிறையால் வகுத்தால் 3.407 மோல் கார்பன், 4.544 மோல் ஹைட்ரஜன், 3.406 மோல் ஆக்சிஜன். இவற்றுள் மிகச் சிறியதால் எல்லாவற்றையும் வகுத்தால் 1 : 1.33 : 1.

இங்கே அவசரப்பட்டு 1.33 ஐ 1 ஆக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. 1.33 என்பது 4/3. எல்லாவற்றையும் 3 ஆல் பெருக்கினால் 3 : 4 : 3. இதுவே எளிய விகித வாய்ப்பாடு. அதன் நிறை 88.06. சேர்மத்தின் மோலார் நிறை 176.12 என்று வேறு சோதனையில் தெரிந்தால், 176.12 ÷ 88.06 = 2. ஆகவே மூலக்கூறு வாய்ப்பாட்டில் 6 கார்பன், 8 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். இது வைட்டமின் சி. பின்னம் 0.5 என்றால் 2 ஆலும், 0.33 அல்லது 0.67 என்றால் 3 ஆலும், 0.25 அல்லது 0.75 என்றால் 4 ஆலும் பெருக்குங்கள். 0.05 அளவுக்குள் விலகி இருந்தால் மட்டும் முழு எண்ணாக்கலாம்.

சமன்பாட்டை வைத்துக் கணக்கிடுதல்

வினை எதுவானாலும் பாதை ஒன்றுதான்: கொடுத்த அளவை மோலாக மாற்று, சமன்பாட்டின் விகிதத்தால் அடுத்த பொருளின் மோலுக்குப் போ, பிறகு வேண்டிய அலகுக்கு மாற்று. கிராமிலிருந்து கிராமுக்கு நேராகத் தாவ வழியில்லை. சமன்பாட்டில் உள்ள 2 : 1 என்ற விகிதம் மோல் விகிதம், அதை நிறை விகிதமாக எடுத்தால் விடை கண்டிப்பாகத் தவறும்.

இரண்டு வினைப்பொருளின் அளவும் கொடுக்கப்பட்டிருந்தால், எது முதலில் தீரும் என்று பார்க்க வேண்டும். அதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. 0.365 கிராம் மெக்னீசியத்தை 20.0 மி.லி., 1.00 மோலார் (லிட்டருக்கு 1.00 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறோம். ஒரு மோல் மெக்னீசியத்துக்கு இரண்டு மோல் அமிலம் தேவை. ஒரு மோல் ஹைட்ரஜன் வாயு வரும்.

மெக்னீசியம்: 0.365 ÷ 24.305 = 0.0150 மோல்
அமிலம்: 0.0200 லிட்டர் × 1.00 மோல்/லிட்டர் = 0.0200 மோல்

0.0150 சிறிய எண் என்பதால் மெக்னீசியம்தான் முதலில் தீரும் என்று தோன்றும். ஆனால் 0.0150 மோல் மெக்னீசியம் முழுவதும் வினைபுரிய 0.0300 மோல் அமிலம் வேண்டும். இருப்பது 0.0200. ஆகவே அமிலம்தான் முதலில் தீரும். ஒவ்வொன்றின் மோலையும் சமன்பாட்டில் அதன் முன் நிற்கும் எண்ணால் வகுத்துப் பாருங்கள்: மெக்னீசியத்துக்கு 0.0150, அமிலத்துக்கு 0.0100. சிறியது எதுவோ அதுவே கட்டுப்படுத்தும். கிடைக்கும் ஹைட்ரஜன் மூலக்கூறு 0.0100 மோல், மிஞ்சும் மெக்னீசியம் 0.0050 மோல், ஏறத்தாழ 0.12 கிராம். குழாயின் அடியில் உலோகத் துண்டு கரையாமல் கிடப்பதைப் பார்த்துக் கணக்கைக் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கணக்கில் வரும் விளைபொருள் அளவு உச்சவரம்பு. உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும்: வடிதாளில் ஒட்டியது, வினை முழுமையடையாதது, கைமாற்றும்போது சிந்தியது. விளைச்சல் 100 சதவீதத்தைத் தாண்டினால் மகிழ வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள். 5.00 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் 2.80 கிராம் கால்சியம் ஆக்சைடு மிஞ்ச வேண்டும். தராசு 3.10 கிராம் காட்டினால் விளைச்சல் 111% இல்லை. சிதையாத கார்பனேட் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். போன நிறை 1.90 கிராம், அதாவது 0.0432 மோல் கார்பன் டை ஆக்சைடு. தொடக்கத்தில் இருந்தது 0.0500 மோல் கார்பனேட். எனவே 86% மட்டுமே சிதைந்திருக்கிறது. மீண்டும் சூடாக்கி, குளிரவைத்து, எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக வரும்வரை இதைத் தொடர வேண்டும்.

வாயு என்றால்

22.4 லிட்டர் என்ற எண்ணை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அது எந்த நிபந்தனைக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள். 0° செல்சியஸ், 101.325 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் ஒரு மோல் நல்லியல்பு வாயுவின் பருமன் 22.41 லிட்டர். அழுத்தம் 100 கிலோபாஸ்கல் என்றால் 22.71 லிட்டர். 25° செல்சியஸ், 101.325 கிலோபாஸ்கலில் 24.47 லிட்டர். பாடநூல்கள் "திட்ட வெப்ப அழுத்தம்" என்ற பெயரை முதல் இரண்டுக்குமே பயன்படுத்துகின்றன. கேள்வியில் எந்த அழுத்தம் என்று பார்த்துவிட்டே எண்ணை எடுங்கள். மேலே வந்த 0.0100 மோல் ஹைட்ரஜன் 0° இல் 224 மி.லி.; 25° செல்சியஸ் அறையில் 245 மி.லி.

நீரின் மேல் வாயுவைச் சேகரித்தால் குழாயில் நீராவியும் கலந்திருக்கும். 25° இல் நீரின் ஆவி அழுத்தம் 3.17 கிலோபாஸ்கல். 250 மி.லி. வாயு, வெளி அழுத்தம் 101.3 கிலோபாஸ்கல் என்றால் ஹைட்ரஜனின் அழுத்தம் 98.1 மட்டுமே. மோல் = அழுத்தம் × பருமன் ÷ (8.314 × கெல்வின் வெப்பநிலை) என்ற சமன்பாட்டில் அழுத்தத்தைக் கிலோபாஸ்கலிலும் பருமனை லிட்டரிலும் இட்டால், 98.1 × 0.250 ÷ (8.314 × 298.15) = 0.00989 மோல் ஹைட்ரஜன். நீராவியைக் கழிக்காவிட்டால் 0.0102 என்று 3 சதவீதம் கூடுதலாக வரும். வெப்பநிலையைச் செல்சியஸில் இடுவது இதைவிடப் பெரிய பிழை; விடை பன்னிரண்டு மடங்கு பெருகிவிடும்.

திட்டக் கரைசல் தயாரித்தல்

செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்தான் திட்டக் கரைசல். காகிதத்தில் உள்ள மோல் கைக்கு வருவது இங்கேதான். அதனால் நிதானமாகப் போவோம். மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் உள்ள கரைபொருளின் மோல் எண்ணிக்கை. ஒரு லிட்டர் கரைப்பானில் என்று நினைத்துவிடக் கூடாது. கரைப்பானின் கிலோகிராமுக்கு இத்தனை மோல் என்று சொன்னால் அது மோலாலிட்டி. அது வேறு அளவு.

நோக்கம்: 250 மி.லி., 0.100 மோலார் காப்பர் சல்ஃபேட் கரைசல். தேவையானது 0.250 × 0.100 = 0.0250 மோல். நீல நிற நீரேறிய உப்பு என்றால் 0.0250 × 249.68 = 6.242 கிராம். யாராவது 159.60 ஐ வைத்துக் கணக்கிட்டு 3.990 கிராம் நீல உப்பை எடுத்தால், கரைசல் 0.0639 மோலார் மட்டுமே இருக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கரைசலும் நீலமாகத்தான் இருக்கும் என்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

1. தராசின் மட்டக் குமிழி நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். எடைப் புட்டியை வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். சூடான பாத்திரத்தை வைக்கக் கூடாது. மேலெழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டும்.

2. சுமார் 6.24 கிராம் எடுங்கள். சரியாக 6.242 வரவேண்டும் என்று துளித்துளியாகக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க வேண்டாம். கிடைத்த எடையை, எடுத்துக்காட்டாக 6.257 என்றால் அதையே, குறித்துக்கொண்டு செறிவைத் திருத்திக் கணக்கிடுங்கள்: 6.257 ÷ 249.68 ÷ 0.2500 = 0.1002 மோலார். துல்லியம் என்பது குறித்த எண்ணைத் தொடுவதில் இல்லை. எடுத்த அளவைச் சரியாக அறிவதில் இருக்கிறது. தேவைக்கு மேல் எடுத்துவிட்டால் மிச்சத்தை மூலப் புட்டியில் திரும்பக் கொட்டாதீர்கள். முழுப் புட்டியும் மாசுபடும்.

3. உப்பை முகவையில் கொட்டி, காலியான எடைப் புட்டியை மீண்டும் எடை போடுங்கள். இரண்டு எடைகளின் வேறுபாடுதான் உண்மையில் முகவைக்குப் போனது.

4. சுமார் 100 மி.லி. வாலை வடிநீர் ஊற்றிக் கண்ணாடிக் கோலால் கலக்கி முழுவதும் கரையுங்கள். அளவுக் குடுவைக்குள் நேராகப் போட்டால் அடியில் தங்கும் படிகங்கள் கரைய வெகுநேரம் ஆகும். கரையும்போது சூடோ குளிர்ச்சியோ உண்டானால் அறை வெப்பநிலைக்கு வரும்வரை பொறுங்கள். அளவுக் குடுவைகள் பொதுவாக 20° செல்சியஸுக்குக் குறிக்கப்பட்டவை. சூடான கரைசலைக் கோடு வரை நிரப்பினால் ஆறியதும் பருமன் சுருங்கிக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும்.

5. கழுத்தில் ஒற்றைக் கோடு உள்ள 250 மி.லி. அளவுக் குடுவைக்குப் புனல் வழியாக மாற்றுங்கள். முகவை, கோல், புனல் மூன்றையும் சிறிது சிறிதாக வாலை வடிநீர் விட்டு மூன்று முறை கழுவி, அந்த நீரையும் குடுவையிலேயே சேருங்கள். முகவைச் சுவரில் ஒட்டியிருப்பதும் நீங்கள் எடை போட்ட மோலில் ஒரு பங்குதான்.

6. கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரை நீர் ஊற்றி, பிறகு சொட்டுக் குழாயால் சொட்டுச் சொட்டாக நிரப்புங்கள். கண் கோட்டின் மட்டத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் இடமாறு தோற்றப் பிழை வரும். நீர்ம மட்டத்தின் வளைவின் அடிப்பகுதி கோட்டைத் தொட வேண்டும்.

7. அடைத்து, தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துவதைக் குறைந்தது பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். கழுத்தில் உள்ள நீர் தானாகக் கலந்துவிடாது. கலந்த பிறகு மட்டம் கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கியதுபோல் தெரியும். அடைப்பானிலும் கழுத்திலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டதுதான் காரணம். அதைப் பார்த்து மேலும் நீர் ஊற்றிவிடாதீர்கள்.

கோட்டைத் தாண்டி நீர் போய்விட்டால் என்ன செய்வது? மேலே உள்ளதை உறிஞ்சி எடுப்பதில் பயனில்லை. நீரோடு கரைபொருளும் போய்விடும், எவ்வளவு போனது என்றும் தெரியாது. கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

பாத்திரத் தேர்வும் முக்கியம். முகவையில் உள்ள கோடுகள் வெறும் தோராயம். 5% வரை விலகலாம். முதல் தர 250 மி.லி. அளவுக் குடுவையின் பிழை சுமார் 0.15 மி.லி.தான். தராசிலும் இதே கதை. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் 6.24 கிராம் எடுத்தால் பிழை 0.2 சதவீதத்துக்குள் அடங்கும். அதே தராசில் 0.05 கிராம் எடுத்தால் 20% வரை போகும். குறைந்த அளவு வேண்டுமானால், செறிவான கரைசலைப் பெரிய எடையில் தயாரித்து அதை நீர்க்கச் செய்வதே நல்லது.

நீர்த்தல்

நீர் சேர்த்தால் செறிவு குறையும். கரைபொருளின் மோல் மாறாது. ஆகவே முதல் செறிவு × முதல் பருமன் = இறுதிச் செறிவு × இறுதிப் பருமன். செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நிறைப்படி 37%, அடர்த்தி 1.18 கிராம்/மி.லி. ஒரு லிட்டரில் 1180 × 0.37 = 437 கிராம்; அதை 36.46 ஆல் வகுத்தால் சுமார் 12 மோலார். இதிலிருந்து 500 மி.லி., 0.100 மோலார் கரைசல் செய்ய 0.0500 மோல் அமிலம் வேண்டும்; 0.0500 ÷ 12.0 = 0.00417 லிட்டர், அதாவது 4.17 மி.லி. போதும்.

கண் கவசமும் கையுறையும் அணிந்து, ஆவியை வெளியேற்றும் வசதியுள்ள இடத்தில் செய்யுங்கள். குடுவையில் முதலில் பாதி அளவு நீர், பிறகு அமிலம், மெதுவாக. அமிலத்தின் மேல் நீரை ஊற்றவே கூடாது. கந்தக அமிலத்தில் உண்டாகும் வெப்பம் நீரைக் கொதிக்கவைத்து அமிலத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும். இப்படித் தயாரித்த கரைசலின் செறிவு தோராயமானது. புட்டியைத் திறந்து மூடும்போதெல்லாம் ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறுவதால் 12 என்ற எண்ணை முழுதாக நம்ப முடியாது. சரியான செறிவு வேண்டுமென்றால் தரம்பார்க்க வேண்டும், அதாவது செறிவு தெரிந்த கரைசலோடு வினைபுரியவைத்து அளக்க வேண்டும்.

தரம்பார்த்தல்

சோடியம் ஹைட்ராக்சைடை எடை போட்டுத் திட்டக் கரைசல் தயாரிக்க முடியாது. அது ஈரம் கசியும் சேர்மம். தராசில் இருக்கும்போதே காற்றிலிருந்து நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். எனவே தோராயமாகத் தயாரித்து, பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டு என்ற உப்பைக் கொண்டு தரப்படுத்துவார்கள். அது தூய்மையாகக் கிடைக்கும், காற்றில் மாறாது, மோலார் நிறை 204.22 என்று பெரிதாக இருப்பதால் எடைப் பிழையும் சிறிது. 110° செல்சியஸில் உலர்த்தி, உலர்கலத்தில் ஆறவைத்து எடை போடுங்கள்.

0.5106 கிராம் எடுத்துக் கூம்புக்குடுவையில் சுமார் 50 மி.லி. நீரில் கரைத்தால் 0.002500 மோல். இரண்டு சொட்டு பினாப்தலீன் என்ற நிறங்காட்டி விட்டு, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரத்தை விடுங்கள். 24.85 மி.லி. ஆனதும் வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால், வினை ஒன்றுக்கு ஒன்று என்பதால் செறிவு 0.002500 ÷ 0.02485 = 0.1006 மோலார். அடர்ந்த சிவப்பு வந்தால் முடிவு நிலையைத் தாண்டிவிட்டீர்கள். நிறம் சில நிமிடம் கழித்து மங்குவது காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடால். அதற்காக மேலும் காரம் விட வேண்டாம்.

எந்தப் பாத்திரத்தை எதனால் கழுவுவது என்பதை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. மோல் எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்று கேட்டால் விடை தானே வரும். பியூரெட்டை வாலை வடிநீரால் மட்டும் கழுவினால் உள்ளே தங்கிய நீர் காரத்தை நீர்க்கச் செய்யும். ஆகவே கடைசியாக அதே காரக் கரைசலால் கழுவ வேண்டும். கரைசலை அளந்து எடுக்கும் பிப்பெட்டுக்கும் அதே காரணம்: எடுக்கப்போகும் கரைசலால் கழுவுங்கள். கூம்புக்குடுவையில் நீர் ஒட்டியிருந்தால் ஒன்றும் ஆகாது. அங்கே முக்கியம் உள்ளே விழுந்த மோல், பருமன் அல்ல. அந்தக் குடுவையைக் கரைசலால் கழுவினால்தான் தவறு. அளக்காத கூடுதல் மோல் உள்ளே தங்கிவிடும். 50 மி.லி. நீரைக் கண் அளவாக ஊற்றியதும் இதனால்தான் பரவாயில்லை.

பியூரெட் முனையில் காற்றுக் குமிழி இருந்தால் தொடங்கும் முன்பே வேகமாகத் திறந்து வெளியேற்றுங்கள். நிரப்பிய புனலை எடுத்துவிடுங்கள். அதிலிருந்து பின்னால் விழும் ஒரு சொட்டு அளவீட்டைக் கெடுக்கும். பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளாதீர்கள். அது தங்கும் என்று கணக்கில் வைத்தே அளவு குறித்திருக்கிறார்கள்.

இனி இந்தக் காரத்தால் அறியாத கந்தக அமிலத்தைத் தரம்பார்க்கலாம். 25.00 மி.லி. அமிலத்துக்கு 20.00 மி.லி. காரம் செலவானது. நீர்த்தல் சூத்திரத்தை இங்கே அப்படியே இட்டு 0.0805 மோலார் என்று எழுதுகிறவர்கள் ஏராளம். சூத்திரம் நீர்த்தலுக்கு உரியது. வினைக்குப் பொருந்துவது விகிதம் ஒன்றுக்கு ஒன்றாக இருந்தால் மட்டும்தான். கந்தக அமிலத்தின் ஒரு மோல் இரண்டு மோல் காரத்தை எடுக்கும். செலவான காரம் 0.02000 × 0.1006 = 0.002012 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு. அதில் பாதி, 0.001006 மோல் கந்தக அமிலம், அதை 0.02500 லிட்டரால் வகுத்தால் 0.0402 மோலார். மோலின் பக்கத்தில் பொருளின் பெயரை எழுதியிருந்தால் இந்த இரு மடங்குப் பிழை நுழையவே இடமில்லை.

0.1 மி.லி.க்குள் ஒத்துப்போகும் அளவீடுகள் கிடைக்கும்வரை திரும்பச் செய்து, முதல் தோராய அளவீட்டைத் தவிர்த்து, ஒத்தவற்றின் சராசரியை எடுங்கள். தரப்படுத்திய காரத்தைக் கண்ணாடி அடைப்பான் உள்ள புட்டியில் வைக்காமல் பிளாஸ்டிக் புட்டியில் இறுக மூடி வையுங்கள். காரம் கண்ணாடியை அரித்து அடைப்பானை ஒட்டவைத்துவிடும். புட்டியின் மேல் பொருளின் பெயர், செறிவு, தரப்படுத்திய தேதி மூன்றும் இருக்க வேண்டும். சில நாள் கழித்து அதே கரைசலை எடுத்தால் மறுபடி தரப்படுத்திவிட்டே பயன்படுத்துங்கள்.